இன்னும் திறக்குது

பொத்தானை அமுக்கிவிட்டுப்
பால் வாங்கப் போகலாம்.
திரும்பி வந்து காய்ச்சலாம்.
ஆடை படியும்வரை பார்த்து நிற்கலாம்.
திரையில் அதே நீலம்.
செக்குமாடு மாதிரி
ஒரு புள்ளியின் பின்னால் இன்னொரு புள்ளி
சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏழு நிமிடம் என்று
மகள் ஒருநாள் அளந்து சொன்னாள்.
மில்லிலிருந்து அடைக்கப்பன்
அதற்குள் மூன்று தடவை கூப்பிட்டிருப்பார்.
"லாரி நிக்குதும்மா. பில்லு?"
"திறக்குதுண்ணே."
"நேத்தும் அதத்தானே சொன்னிய."

புதுவயலில் நெல் அவிக்கிற வாசனை
வீட்டுக்குள் வரும், தெரியும்.
பெட்டிக்குள்ளும் போயிருக்கும் என்று நினைத்ததில்லை.
ஞாயிற்றுக்கிழமை
நாலு திருகாணியைக் கழற்றினேன்.
உள்ளே தவிடு.
விசிறியின் ஒவ்வோர் இறக்கையிலும்
சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை.
மூலையில் பல்லிமுட்டை ஓடு, இரண்டு.
அந்தச் சூட்டில்
குஞ்சுகள் சௌகரியமாகத்தான் பிறந்திருக்கும்.
பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி,
சைக்கிள் பம்பால் ஊதி,
தும்மித் தும்மி
என் மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.
அரை நிமிடம்கூடக் குறையவில்லை.

காரைக்குடியில் அஞ்சு விளக்குப் பக்கம்
சர்புதீன் கடைக்குப் போனேன்.
தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க
என்று சொல்லிவிடுவாரோ என்று
பையின் ஜிப்பை இழுத்துப் பிடித்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு.
"அது எந்திரிக்கும்போது
கூடவே எத்தனை பேரு எந்திரிக்கிறாங்கன்னு
பாத்தியளா?"

பார்த்தேன்.
முப்பத்தொன்று.
இந்த ஊர்க் கணக்கில்
முப்பத்தோரு புள்ளி.
வரி கட்டுவது ஒன்றுமில்லை.
பழைய இரும்புக்குப் போட்ட பிரிண்டரின் ஆள்
இன்னும் வாசலில் நின்று
மை தீர்ந்துவிட்டது என்கிறான்.
இரண்டு வைரஸ் காவலர்கள்
ஒருவரை ஒருவர் சந்தேகித்தபடி.
மகள் ஐந்தாம் வகுப்பில் இறக்கிய மீன்தொட்டி;
மீன்களுக்கு மட்டும் வயதாகவில்லை.
இருபத்தேழாவதாக,
பங்குச் சந்தைக்கென்று
அவர் போட்டு வைத்தது.

அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
பேசாமல் இரண்டு வருடம்.
போன தொகையை அவர் சொல்லவில்லை.
வளையல் எங்கே என்று அம்மா வீட்டில் கேட்டபோது
பாலிஷுக்குக் கொடுத்திருக்கு என்று
நானும் சொல்லிவிட்டேன்.
அது மட்டும்
தினமும் காலையில் எழுந்து
கடவுச்சொல் கேட்டு,
யாரும் தராததால்
ஓரமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது,
நினைவில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு.

முடக்கவா என்று கேட்டது.
அடுத்த அறையில்
அவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.
சுவிட்சை அணைக்கும் சத்தம் வரட்டும் என்று
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.
வரவில்லை.
ஆம்.

புதன்கிழமை ஒரு ரேம்.
கைமாறியதுதான், எண்ணூறு ரூபாய்.
அதன் தங்கப் பற்களை
மகளின் அழிரப்பரால் தேய்த்துப் பொருத்தச் சொன்னார் சர்புதீன்.
ஸ்ட்ராபெரி மணத்தோடு
முப்பத்தெட்டு விநாடியில்
திறந்தது பெட்டி.
பாலை இன்னும் அடுப்பில்கூட வைக்கவில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.
மறுபடியும் முப்பத்தெட்டு.

சனிக்கிழமை அடைக்கப்பன் கூப்பிட்டார்.
"வேகமாயிருச்சாம்ல?
வீட்டுக்காரர் சொன்னாரு.
அப்பச் சரி, எங்க மச்சான் மில்லு பில்லையும்
நீங்களே போட்டுருங்க.
சம்பளம் பெறகு பேசிக்குவோம்."

சம்பளம் என் காதில் ஏறவில்லை.
வீட்டுக்காரர் சொன்னார் என்றால்
வீட்டுக்காரர் திறந்து பார்த்திருக்கிறார்.
இருபத்தேழாவது இல்லாததையும்.

இன்று காலை
எல்லாம் தயாராக இருக்கிறது,
கட்டம் கட்டமாக, வெள்ளையாக.
பாலில் ஆடை படிகிறது.
இரண்டு தம்ளரை எடுத்து வைக்கிறேன்.
அவர் வந்து எதிரில் உட்கார்கிறார்,
ஒரு கையில் பொத்தான் போடாத சட்டையோடு.
அலைபேசி அடிக்கிறது.
"பில்லும்மா?"

திரையைப் பார்த்தபடியே சொல்கிறேன்:
"இன்னும் திறக்குதுண்ணே."
"அட, இன்னும் எம்புட்டு நேரம்?"

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு கையாலும்
ஏழு விரல் காட்டுகிறார்.